சரிவில் நிற்பது

மாமல்லபுரத்து வெண்ணெய் உருண்டைப் பாறைக்குக் கீழே இருக்கிற சரிவில் சறுக்காத சென்னைப் பிள்ளை அநேகமாக இருக்க முடியாது. அங்கே போகிறவர்கள் எல்லோரும் உருண்டையைத்தான் பார்க்கிறார்கள். ஆறு மீட்டர் உயரம், 250 டன் எடை என்பார்கள். 1908ல் கவர்னர் ஆர்தர் லாலி ஏழு யானைகளைக் கட்டி இழுத்தும் அசையவில்லை என்ற கதையும் கூடவே வரும். எனக்கு அங்கே விசேஷமாகத் தெரிவது சரிவுதான். பிள்ளைகள் சறுக்கிச் சறுக்கியே மெருகேறிப்போன ஒரு பட்டை அதில் இருக்கிறது. அதில் கால் வைத்தால் வழுக்கும். இரண்டடி தள்ளி, யாரும் சறுக்காத சொரசொரப்பான இடத்தில் கையே ஊன்றாமல் வெறுங்காலோடு நடந்து போய்விடலாம். பாறையும் சாய்வும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

பாறை ஏறுகிறவர்கள் ஸ்லாப் என்று சொல்வது இந்த மாதிரிச் சரிவைத்தான். செங்குத்தும் இல்லை, படுக்கையும் இல்லை. பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. ஷூவின் ரப்பருக்கும் கல்லுக்கும் நடுவே இருக்கிற உராய்வை நம்பி நிற்க வேண்டும். தென்னிந்தியாவின் பெரிய பாறைகளில் பாதிக்கு மேல் இந்த வகைதான் என்பது என் கணிப்பு. அப்படி இருந்தும் எங்கள் ஊரில் ஸ்லாபுக்கு மரியாதை கிடையாது. "ஸ்லாபா? போர்" என்று சொல்லிவிட்டு, கையால் பிடித்து ஏறுகிற பாறை இருக்கிற கர்நாடகத்துப் பாதாமிக்கு டிக்கெட் போடுவார்கள்.

காரணம் புரியாமல் இல்லை. சென்னையில் ஏற ஆரம்பிக்கிற யாரும் உள்ளரங்கச் சுவரில்தான் ஆரம்பிக்கிறோம். ஒட்டுப்பலகைச் சுவர், அதில் திருகி வைத்த வண்ண வண்ணப் பிளாஸ்டிக் பிடிகள் (ஹோல்டு என்போம்), கீழே மெத்தை. சுவர் பெரும்பாலும் நம் பக்கம் சாய்ந்திருக்கும். விழுந்தால் எதிலும் இடிக்காமல் மெத்தையில் விழலாம் என்பதால் அப்படிக் கட்டுகிறார்கள். அந்தச் சுவரில் ஏற விரலில் பலம் வேண்டும், தோளில் பலம் வேண்டும். டோக்கியோவில் இந்த விளையாட்டு முதல்முறையாக ஒலிம்பிக்ஸுக்குள் வந்ததை டிவியில் பார்த்துவிட்டு வந்தவர்களும் அதே பலத்தைத் தேடித்தான் வருகிறார்கள். தப்பில்லை. ஆனால் ஆறு மாதம் கழித்து அவர்களை ஒரு கருங்கல் சரிவில் கொண்டுபோய் நிறுத்தினால், இரண்டு கையாலும் பாறையைத் தடவிக்கொண்டே நிற்பார்கள், இல்லாத பிடியைத் தேடி.

ஊருக்குள்ளேயே பாறை இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கிறது. அதுவும் சாதாரணப் பாறை இல்லை. பல்லாவரம், பரங்கிமலை வட்டாரத்தில் கிடைக்கிற சார்னோகைட்டுக்கு அந்தப் பெயர் வந்ததே இங்கிருந்து போன ஒரு கல்லால்தான். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறையில் பதித்த கல் இந்தப் பக்கத்துக் கல். தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் 1893ல் அதை ஆராய்ந்து, சார்னாக்கின் பெயரையே பாறைக்கு வைத்தார். அதே பல்லாவரத்தில்தான் 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். பாறைக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டு. விமான நிலையத்துக்கு எதிரே, குரோம்பேட்டைக்குப் போகிற வழியில், இதையெல்லாம் யோசிக்காமல் தினமும் டிராஃபிக்கில் நின்றுகொண்டிருக்கிறோம்.

ஏறத்தான் முடியாது. சென்னையைச் சுற்றி உள்ள நல்ல பாறைகளில் ஒன்று சாமி இருக்கும், இல்லை தொல்லியல் துறையின் நீலப் பலகை இருக்கும், அதுவும் இல்லாவிட்டால் வெடி வைத்துத் தகர்த்திருப்பார்கள். மாமல்லபுரம் 1984 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். சிற்பமே இல்லாத குண்டுக்கல்லிலும், கை வழுக்காமல் இருக்கப் போடுகிற சாக் பொடியைப் பூசிக்கொண்டு ஏறுவது சரியில்லை என்றுதான் நானும் நினைக்கிறேன். பல்லவர்கள் பாதி செதுக்கி விட்டுப்போன கல் எது, சும்மா கிடக்கிற கல் எது என்று தீர்மானிக்க நமக்குத் தகுதி போதாது. செஞ்சியும் பாதுகாக்கப்பட்ட கோட்டை. பல்லாவரம், திரிசூலம் பக்கத்துக் கல்குவாரிச் சுவர்களைப் பார்த்து நாக்கில் எச்சில் ஊற வைத்துக்கொள்ளும் புதியவர்கள் வருஷா வருஷம் கிளம்புவார்கள். அவர்களிடம் ஒன்றே ஒன்றைச் சொல்வேன்: வெடி வைத்த பாறைக்குள் எங்கே விரிசல் ஓடியிருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. கையில் பிடித்த கல் கையோடே வரும். கீழே ஆழம் தெரியாத தண்ணீர். 2019 வறட்சியில் சிக்கராயபுரம் குவாரித் தண்ணீரைச் சுத்திகரித்துத்தான் நகரத்துக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். குவாரியால் நமக்கு அந்த அளவு உபகாரம் போதும்.

ஆகவே ரயில். சென்ட்ரலில் ராத்திரி பெங்களூரு மெயில் ஏறினால் விடிவதற்கு முன்னால் இறங்கி, மைசூர் போகிற வண்டியைப் பிடித்து ராமநகரம் போய்விடலாம். பெர்த்துக்கு அடியில் கயிற்றுப் பையைத் தள்ளும்போது "என்ன தம்பி, கேபிள் வேலையா?" என்று என் நண்பனைத்தான் கேட்பார்கள். பக்கத்தில் ஹெல்மெட்டோடு நிற்கிற என்னை யாரும் கேட்பதில்லை. பெண்பிள்ளை கேபிள் வேலைக்குப் போக மாட்டாள் என்று முடிவாகிவிட்டது போல.

ராமநகரத்துக்குப் பழைய பெயர் குளோஸ்பேட்டை. மைசூரில் ரெசிடெண்டாக இருந்த பாரி குளோஸ் என்ற ஆங்கிலேய அதிகாரியின் பெயரில் வந்தது. ஊர் பெயரை மாற்றிக்கொண்டாலும் பாறை மாற்றிக்கொள்ளவில்லை. ராமநகரத்தில் தொடங்கி வடக்கே ஹம்பி வரை நீள்கிற கருங்கல் பட்டைக்குப் புவியியலில் இன்றும் குளோஸ்பேட் கிரானைட் என்றுதான் பெயர். அதற்கும் வயது ஏறக்குறைய 250 கோடிதான். பல்லாவரத்துக் கல்லை வெள்ளைக்காரரின் கல்லறை வைத்துப் பெயரிட்டார்கள், இந்தக் கல்லை வெள்ளைக்காரரின் ஊர்ப்பெயரால் அழைத்தார்கள். நாம் வெறுமனே மேலே ஏறிக்கொண்டிருக்கிறோம்.

ராமநகரத்திலிருந்து மாகடிப் பக்கம் போனால் சாவனதுர்கா. கடல்மட்டத்திலிருந்து 1226 மீட்டர். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே கல்லாகத்தான் தெரியும், மரம் செடி எதுவும் ஒட்டாத கல். அதன்மேல் நூற்றுக்கணக்கான மீட்டர் நீளத்துக்கு ரூட்டுகள் போகின்றன. பெளதிங்களு, தீபாவளி என்று அவற்றுக்குப் பெயர். முதலில் ஏறியவர்களுக்குப் பெயர் வைக்கும் உரிமை உண்டு. நல்ல வேளையாக இந்தப் பாறையில் ஏறினவர்களுக்கு ரசனை இருந்திருக்கிறது.

அங்கே நான் முதன்முதலாக லீடு ஏறிய சரிவை இன்றும் அங்குலம் அங்குலமாகச் சொல்ல முடியும். லீடு என்றால் மேலே கயிறு கிடையாது. கயிற்றை நாமே இழுத்துக்கொண்டு போய், பாறையில் அடித்திருக்கிற போல்ட் ஒவ்வொன்றிலும் மாட்டிக்கொண்டே மேலே போக வேண்டும். கீழே கயிறு பிடித்திருந்தவர் பெங்களூரில் வேலை பார்க்கும் மதுரைக்கார அண்ணன். கடைசியாக மாட்டிய போல்ட் என் காலுக்கு ஐந்து மீட்டர் கீழே. வழுக்கினால் ஐந்து மீட்டர் அந்த போல்ட் வரை, அதற்கும் கீழே இன்னொரு ஐந்து, அப்புறம் கயிறு இழுபடும் தூரம். இதில் அந்தரத்தில் விழுவது எல்லாம் கிடையாது. தேங்காய்த் துருவி மாதிரி இருக்கிற பாறையில் தேய்ந்துகொண்டே போக வேண்டியதுதான். வலது கால் ஆட ஆரம்பித்தது. இதற்கு ஏறுகிறவர்கள் மத்தியில் தையல் மெஷின் கால் என்றே பெயர். கால் தானாக மிதிக்கும், நிறுத்த முடியாது.

"என்னம்மா தேடுற?" என்று கீழேயிருந்து குரல்.

"ஹோல்டே இல்லண்ணே."

"அங்க ஒண்ணும் கிடையாதும்மா. இருந்தா நான் சொல்லமாட்டேனா? குதிகாலை இறக்கு. பாறைய விட்டுத் தள்ளி நில்லு. கால வச்சு எந்திரி, அவ்வளவுதான்."

பாறையை விட்டுத் தள்ளி நில் என்பதுதான் உடம்பு ஒத்துக்கொள்ளாத சங்கதி. பயம் வந்தால் பாறையைக் கட்டிப்பிடித்துக்கொள்ளத்தான் தோன்றும். மார்பைப் பாறையோடு ஒட்டினதும் உடம்பின் எடை காலுக்கு நேர் மேலே இல்லாமல் மேல்பக்கச் சரிவில் சாய்ந்துவிடுகிறது. அப்போது கால் பாறையை அழுத்துவதற்குப் பதிலாகச் சரிவோடு கீழ்ப்பக்கமாகத் தள்ளுகிறது. உராய்வு அழுத்தத்தைப் பொறுத்தது. அழுத்தம் குறைந்தால் பிடிப்பும் குறையும். இடுப்பைப் பின்னால் தள்ளி, குதிகாலை இறக்கி, பாதத்தின் முன்பகுதி முழுக்கக் கல்லில் பதிய நின்றால் அதே இடத்தில் அதே ஷூ கெட்டியாக ஒட்டிக்கொள்கிறது. இவ்வளவும் தெரிந்து என்ன? இயற்பியலைப் பள்ளிக்கூடத்தில் படித்த தலைக்குப் புரிகிறது, முழங்காலுக்குப் புரிய நாளாகிறது.

ஸ்லாபில் போல்டுகள் ஏன் இத்தனை தள்ளித்தள்ளி இருக்கின்றன என்பது அன்றைக்கு எனக்குப் பெரிய கோபமாக இருந்தது. கஞ்சத்தனம் என்று நினைத்தேன். விஷயம் வேறு. இந்தப் பாறைகளின் பழைய நீளமான ரூட்டுகள் கீழேயிருந்து ஏறிக்கொண்டே அமைத்தவை. கையில் சுத்தியலும் உளியும் வைத்துக்கொண்டு, உராய்வை மட்டும் நம்பி நின்றபடி கருங்கல்லில் ஒரு துளை போட நிறைய நேரம் பிடிக்கும். அவ்வளவு நேரம் நிற்க முடிகிற இடத்தில்தான் துளை போட முடியும். ஆகவே போல்ட் இருக்கிற இடத்தில் நிச்சயம் நிற்பதற்கு ஒரு சின்னத் தட்டோ, குழியோ, கொஞ்சம் படுத்த சாய்வோ இருக்கும். இது தெரிந்ததிலிருந்து நான் போல்டைத் தேடுவதில்லை. பளபளப்பு வெயிலில் கண்ணுக்கும் சிக்காது. சுத்தியலோடு வந்த மனுஷன் எங்கே நின்றிருப்பான் என்று தேடுவேன், அங்கே போனால் போல்ட் இருக்கும். ஏறும் பாதையைப் படிப்பது என்று பெரிதாகச் சொல்கிறார்களே, என்னைப் பொறுத்தவரை அதில் பாதி இவ்வளவுதான்.

மீதிப் பாதி வெயில். சூடான ரப்பர் இளகிப் பிடிப்பை விடும், வேர்த்த விரல் வழுக்கும். கருங்கல் சூட்டை வாங்கினால் சீக்கிரம் விடாது. காலை ஆறு மணிக்கு நடந்து போன மாதிரி ஏறிய சரிவு பதினொன்றுக்கு வேறு கிரேடாகிவிடும் (கிரேடு என்பது ரூட்டின் கடின அளவு), புத்தகத்தில் என்ன போட்டிருந்தாலும் சரி. சென்னைக்காரர்களுக்கு இதில் கூடுதல் கஷ்டம் ஒன்று உண்டு. எங்கள் உள்ளங்கை பிறந்ததிலிருந்தே ஈரம். சாக் பொடியை, அதாவது மெக்னீசியம் கார்பனேட்டை, ஜிம்னாஸ்டிக்ஸிலிருந்து பாறைக்குக் கொண்டுவந்தவர் ஜான் கில் என்ற அமெரிக்கர், 1950களில். அவர் ஒரு மே மாசம் வேளச்சேரிக்கு வந்திருந்தால் பொடியை மூட்டையில் கொண்டுவந்திருப்பார். இந்த விஷயத்தில் ஸ்லாப் எங்களுக்குச் சாதகம். கை வேர்த்தால் என்ன, வேலை முழுக்கக் காலுக்குத்தானே.

தேனீயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சாவனதுர்காவோ ராமநகரமோ ஹம்பியோ, பாறை கூரைபோல் வெளியே துருத்திக்கொண்டிருக்கும் இடத்தில் கறுப்பாக அரைவட்டத்தில் எதுவாவது தொங்கினால் அது மலைத்தேனீக் கூடு. தரையில் இருப்பவன் ஓடலாம். பாதி மலையில் கயிற்றில் தொங்குகிறவன் எங்கே ஓடுவான்? வேகமாக இறங்கவும் முடியாது, அவசரத்தில் கயிற்று வேலையில் தப்பு வந்தால் தேனீயைவிட அது மோசம். சென்ட் போட்டுக்கொண்டு வருகிறவர்களை எங்கள் குழுவில் திருப்பி அனுப்புவோம். ஏறுவதற்கு முன் அடிவாரத்தில் ஆடு மேய்ப்பவர்களிடம் கூடு எந்தப் பக்கம் என்று கேட்டுவிடுவது நல்லது, எந்த ஆப்பிலும் அந்தத் தகவல் இல்லை. ராமநகரத்து ராமதேவரபெட்டா மலையில் கழுகுகளுக்கும் வழிவிட வேண்டும். 2012ல் அது பாறுக் கழுகுச் சரணாலயமானது. நீண்ட அலகுடைய பாறுகள் அங்கே பாறை விளிம்பில் கூடு கட்டுகின்றன. ஏறத் தடை என்று முணுமுணுப்பவர்களைக் கேட்டிருக்கிறேன். கர்நாடகத்தில் பாறைக்குப் பஞ்சமா, பாறுக்குப் பஞ்சமா என்று யோசித்தால் முணுமுணுப்பு அடங்கும்.

பாதாமியைத் திட்டுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். சிவப்பு மணற்கல், கையால் பிடிக்கத் தோதாகக் கிடைமட்டமாக ஓடும் பட்டைகள், குடும்பத்தோடு குரங்குகள், எல்லாம் அருமை. 642ல் நரசிம்மவர்மன் படையோடு போனதிலிருந்து நம் ஆட்கள் பாதாமி என்கிற வாதாபிக்குப் போய்க்கொண்டேதான் இருக்கிறோம். ஒரே ஒரு எச்சரிக்கை: மழை பெய்த மறுநாள் மணற்கல்லைத் தொடாதீர்கள். ஈரத்தில் அது பலமிழக்கும், நல்ல பிடி ஒடிந்து வந்துவிடும், அப்புறம் அந்த ரூட் யாருக்கும் பழையபடி கிடைக்காது. ஹம்பி குண்டுக்கல்லில் கயிறு தேவையில்லை, விழுந்தால் தாங்குகிற மெத்தையான கிராஷ் பேடை முதுகில் சுமந்துகொண்டு போனால் போதும். மூன்றாம் நாள் விரல் நுனியில் தோல் மிச்சமிருக்காது. முன்பெல்லாம் ஏறுகிறவர்கள் துங்கபத்திரைக்கு அக்கரையில் விருபாபுர கட்டேயில் தங்குவார்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 2020ல் அந்த விடுதிகளை இடித்துவிட்டார்கள்.

ஸ்லாபைப் பற்றி எனக்கு உண்மையில் பாடம் எடுத்தவர்கள் பர்வதமலை ஏறுகிற அம்மாக்கள். திருவண்ணாமலை மாவட்டம், போளூருக்குப் பக்கம். மேலே மல்லிகார்ஜுனர் கோயில். கடைசிப் பகுதியில் பாறை நிமிர்ந்துகொள்ளும். அங்கே கல்லில் இரும்புக் கடப்பாறைகளை அடித்துப் படியாக்கியிருக்கிறார்கள், பிடித்துக்கொள்ளச் சங்கிலியும் உண்டு. இத்தாலியின் டோலமைட் மலைகளில் இதே ஏற்பாட்டுக்கு வியா ஃபெராட்டா என்று பெயர் வைத்து, ஹெல்மெட், ஹார்னஸ், ரெட்டைக் கொக்கிக் கயிறு எல்லாம் மாட்டிக்கொண்டு போகிறார்கள். இங்கே பௌர்ணமி ராத்திரியில் இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு போகிறார்கள். அது பாதுகாப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் கடப்பாறைகளுக்கு முன்னால் வரும் வெறும் பாறைச் சரிவில் அவர்கள் நடப்பதைப் பார்க்க வேண்டும். அறுபது வயதுக்கு மேல் இருக்கும், கொசுவத்தைச் செருகிக்கொண்ட ஒரு அம்மா, ஒரு கையில் தூக்குவாளி, வெறுங்கால். முதுகு நிமிர்ந்திருந்தது. சின்னச் சின்ன அடி. பாதம் முழுக்கப் பதித்து, எடை அதில் இறங்கிய பிறகுதான் அடுத்த காலை எடுத்தார். நான் ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து வாங்கிய ஷூவோடு நாலு காலில் தவழ்ந்துகொண்டிருந்தேன். "கைய ஊனாதே பாப்பா, கால் வழுக்கும்" என்று சொல்லிவிட்டு என்னைத் தாண்டிப் போனார். மதுரை அண்ணன் சொன்னதும் இதையேதான்.

அடிக்கடி வருகிற இன்னொரு யோசனைக்கும் பதில் எழுதிவிடுகிறேன். கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்தில் தனியார் இடத்தில் இருக்கிற ஏதாவது பாறைக்கு அனுமதி வாங்கி, நாமே போல்ட் அடித்து ரூட் போட்டால் என்ன? அனுமதி கிடைத்தாலும் கடல் விடாது. வெப்பமண்டலக் கடலோரத்தில் துருப்பிடிக்காத எஃகு என்று விற்கிற எஃகும் உப்புக்காற்றில் உள்ளுக்குள் விரிசல் விடும். வெளியே பார்க்கப் புதிது மாதிரிப் பளபளவென்று இருக்கும், ஆள் தொங்கும்போது ஒடியும். தாய்லாந்தில் ராய்லே கடற்கரைப் பாறைகளில் இப்படி ஒடிந்த பிறகு டைட்டானியம் போல்டுகளுக்கு மாறினார்கள். அவற்றின் விலை பல மடங்கு, பசை வைத்து ஒட்டத் தெரிந்த ஆளும் வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் ஆளுக்கு ஐநூறு ரூபாய் வசூலித்துச் செய்கிற காரியமில்லை. ஜன்னல் கம்பியே ரெண்டு வருஷத்தில் துருப்பிடித்து உதிர்கிற பெசன்ட் நகர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

ஸ்லாபுக்குப் போக மார்கழி, தை சரியான காலம். மழை ஓய்ந்திருக்கும், காலையில் பாறை குளிர்ந்திருக்கும். முதல்முறை போகிறவர்கள் கூட அனுபவம் உள்ள ஒருவரை வைத்துக்கொண்டு, மேலே கயிறு போட்டு டாப் ரோப்பில் ஏறினால் போதும், லீடு எங்கேயும் ஓடிப்போகாது. ஷூ வாங்கும்போது மட்டும் உஷார். கொக்கி மாதிரி முனை வளைந்த, விலை அதிகமான ஜோடியைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார்கள். அது கூரைப் பாறைக்கு. அடிப்பாகம் தட்டையாக, ரப்பர் மிருதுவாக இருக்கிற சாதாரண ஜோடியைக் கேளுங்கள், பாதி விலைக்குக் கூடக் கிடைக்கும். சாக்ஸ் இல்லாமல் போட்டுப் பாருங்கள். விரல் மடங்கவும் கூடாது, குதிகாலில் இடைவெளியும் இருக்கக் கூடாது. கடைக்குச் சாயங்காலமாகப் போங்கள், பகலெல்லாம் சென்னைச் சூட்டில் அலைந்த கால் அப்போதுதான் அதன் முழு அளவில் இருக்கும்.